எண்ணாமல் விட்ட துடிப்பு

பத்து நாளாக அந்தப் படிவம் எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. தண்ணீர் ஜாடியை அதன்மேல் வைத்து வைத்து ஓர் ஈர வட்டம்கூட விழுந்துவிட்டது.

அம்மா ஓட நினைத்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டப் போட்டி. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிப் படிவம்; உடல்நலம் பற்றிப் பன்னிரண்டு கேள்விகள். குடும்பத்தில் இரண்டு பேர் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று என்னுடையது; போட்டுவிட்டேன். இன்னொரு கோடு அண்ணனுக்காகக் காலியாக இருந்தது. நாளை மாலை ஐந்து மணிக்குக் கடைசி.

அண்ணன் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஐம்பத்தேழு வயதில் அம்மா கால்சட்டை மாட்டிக்கொண்டு தெருவில் ஓடி யாருக்கு என்ன நிரூபிக்க வேண்டும் என்று கேட்டான். நான் பதிலுக்கு, அம்மா இருபத்திரண்டு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தபோது இந்த அக்கறை எங்கே போயிருந்தது என்று கேட்டேன். அதற்கு அவன், "பட்டதாரி பேசிட்டாங்க, எல்லாரும் கேட்டுக்கங்க" என்றான். அதிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை. உப்பு வேண்டும் என்றால்கூட அம்மா வழியாகத்தான்.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி உருளையில் கொடுத்து, மடித்து, அடுக்கி அனுப்ப வேண்டும். இருதய வார்டு விரிப்பை இருபத்திரண்டு வருஷமாக மடித்தவள், அந்தக் கட்டிலில் ஒரு தரம்கூடப் படுத்ததில்லை.

இரண்டு வருஷம் முன்பு காலை ஷிப்ட் பஸ்ஸை நிறுத்தினார்கள். அம்மா நடந்து போனாள். நடை வேகமானது. ஒரு நாள் ஓட்டமானது. விளையாட்டுத் திடலின் கம்பி வேலிக்குப் பக்கத்தில், செருப்புக் காலோடு, சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியவளைப் பார்த்துத்தான் விசில் நிறுத்தினார்.

விசில் என்பது பயிற்சியாளருக்கு நாங்கள் வைத்த பெயர். கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும். அம்மாவைவிடப் பத்து வயது சின்னவர். முழங்கால் அறுவைசிகிச்சைக்குப் பிறகு அவரால் ஓட முடியாது. சைக்கிளில் கூடவே வருவார். அவர் அம்மாவை அக்கா என்பார், அம்மா அவரை டீச்சர் என்பாள். வீட்டில் யார் சொன்னாலும் கேட்காத அம்மா, அந்த விசில் இரண்டு முறை ஊதினால் நின்றுவிடுவாள்.

இன்று ஞாயிறு. முப்பது கிலோமீட்டர் ஒத்திகை. நாலேகால் மணி நேரத்துக்குள் முடித்தால்தான் பெயரைக் கொடுப்பேன் என்று விசில் சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு அம்மா கிளம்பினாள். அவளுக்கு முன்னாலேயே அண்ணன் டெலிவரி வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை என்ன லோடு என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அதான் பேசுவதில்லையே.

ஏழு மணிக்கு நான் நோட்டோடு உட்கார்ந்தேன்.

விசில் கொடுத்த நோட்டு அது. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிஷம் நாடித்துடிப்பை எண்ணி எழுத வேண்டும். வழக்கத்தைவிடப் பத்து கூடினால் அன்று ஓட்டம் கிடையாது. வாரம் ஒரு முறை நான் அந்த எண்களை போனில் ஏற்றி அவருக்கு அனுப்புவேன். எங்கள் வீட்டில் எழுத்து சம்பந்தப்பட்ட எதுவும் என் தலையில்தான். கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதானே.

அறுபது. அறுபத்தொன்று. ஐம்பத்தொன்பது. அறுபது. ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒழுங்காக இருந்தது. இளவட்டத்துக்கே இப்படி இருக்காது என்று விசில் போன மாதம் மெச்சிக்கொண்டார்.

எண்களுக்குப் பக்கத்தில், ஓரத்தில், புள்ளிகள் இருந்தன. அவை முன்பும் இருந்தவைதான். பேனா எழுதுகிறதா என்று வைத்துப் பார்த்திருப்பாள் என்று நினைத்து இத்தனை மாதம் தாண்டிப் போயிருக்கிறேன். இன்று என்னவோ எண்ணினேன். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒன்று, இரண்டு. போன மாதம் மூன்று, நான்கு. இந்த வாரம் ஐந்து, ஏழு, ஆறு, ஒன்பது.

இன்று காலை பன்னிரண்டு.

நோட்டில் அடையாளத்துக்காக ஒரு துண்டுத் தாள் செருகியிருந்தது. சலவைக்கூடத்துச் சீட்டு. "விரிப்பு 120" என்று அம்மாவின் கையெழுத்து. ஓரத்தில் நான்கு புள்ளிகள். அதே மாதிரி பேனாவை அழுத்தி, ஒரு திருகு திருகி வைத்த புள்ளிகள்.

அந்தப் புள்ளிகளை எனக்குத் தெரியும்.

பள்ளி விடுமுறையில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அம்மா என்னை வேலைக்குக் கூட்டிப்போவாள். மடிக்கும் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருப்பேன். உருளையிலிருந்து விரிப்பு வர வர அம்மா வாய்விட்டு எண்ணுவாள். கிழிந்தது, நைந்தது வந்தால் எண்ணாமல் ஓரமாக வீசுவாள்; சீட்டில் ஒரு புள்ளி வைப்பாள். நல்லது மட்டும்தான் எண்ணிக்கை. கிழிசல் கணக்கில் வராது. மாற்றி எண்ணியவர்களை அங்கே வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் மணிக்கட்டில் நானே விரல் வைத்துப் பார்த்தேன். டக், டக், டக். ஒரே மாதிரி. இதில் எதை ஒருத்தி கிழிசல் என்று ஒதுக்க முடியும்?

இரண்டு வாரம் முன்பு மாடிப்படியில் மூன்றாவது படியில் அம்மா சட்டென்று உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. செருப்பு வார் கழன்றுவிட்டது என்றாள். அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது. அதையும் நான் அன்றே பார்த்தேன். பார்த்துவிட்டு, துணி எடுக்கப் போய்விட்டேன்.

விசிலுக்கு போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. சைக்கிள் ஓட்டும்போது அவர் போனைப் பின்பையில் போட்டுவிடுவார். மூன்று முறை அடித்தேன். அம்மா போனே எடுத்துப்போவதில்லை, இடுப்பில் இடிக்கிறதாம். கௌரவத்தைத் தூக்கி வைத்துவிட்டு அண்ணனுக்கு அடித்தேன். அவனும் எடுக்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன்.

பாதை எனக்குத் தெரியும். வரைந்து கொடுத்ததே நான்தான். திடல், கிடங்குத் தெரு, பாலம், பிறகு கால்வாயை ஒட்டி நேராகப் போகும் நீண்ட சாலை. ஒரு கிலோமீட்டருக்கு எட்டரை நிமிஷம் என்று கணக்குப் போட்டால், எட்டு மணிக்கு அம்மா இருபத்தோராவது கிலோமீட்டரில் இருக்க வேண்டும். இருந்தாளானால்.

பாலத்தில் அவள் இல்லை. கால்வாய்ச் சாலையின் முதல் வளைவில் இல்லை. சாலையோரத்தில் நாலைந்து பேர் கூட்டமாக நிற்பதைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்தினேன். கிட்டே போனால் யாரோ மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு நியாயமும் இல்லை.

இரண்டாவது வளைவு தாண்டியதும் மஞ்சள் சைக்கிள் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் அம்மா.

அம்மாவின் ஓட்டம் அழகாக இருக்காது. தலை கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு கையும் விரிப்பை உருளையிலிருந்து இழுக்கிற மாதிரி வரும், போகும். ஆனால் ஒரு சீர் உண்டு. அந்தச் சீரில் நான்கு மைல் தள்ளி வந்தாலும் அது அம்மாதான் என்று சொல்லிவிடலாம்.

பக்கத்தில் ஓட்டிக்கொண்டே நில்லும்மா என்றேன். என்னைப் பார்த்ததில் அவளுக்கு ஆச்சரியம்கூட இல்லை.

"ஒம்பது கிலோமீட்டர்தான் இருக்கு. அப்புறம் பேசலாம்."

ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினேன். தெருநாயைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி சுற்றிக்கொண்டு போனாள். நோட்டைத் தூக்கிக் காட்டி விசிலிடம் நிறுத்தச் சொன்னேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, கேள்வி கேட்காமல் இரண்டு முறை ஊதினார்.

அம்மா நின்றாள். நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, எங்கள் இரண்டு பேரையும் முறைத்தாள். கிளம்பி மூன்று மணி நேரம் இரண்டு நிமிஷம். ஒரு நொடிகூடப் பிந்தவில்லை.

நான் புள்ளிகளைக் காட்டி இது என்ன என்று கேட்டேன்.

"அதுவா. அதெல்லாம் எண்ணிக்கையில சேராதது" என்றாள் அம்மா. "நடுவுல நடுவுல ஒண்ணு அரைகுறையா வரும். லேசா, முழுசா இல்லாம. அதுக்கப்புறம் ஒரு நொடி சும்மா இருக்கும். பழுதானதைப் போய் எண்ணுவாங்களா? ஓரமா புள்ளி வச்சேன். மறைக்கலையே."

மறைக்கவில்லைதான். தினமும் எழுதியிருக்கிறாள். படிக்கத் தெரிந்த நாங்கள் இரண்டு பேரும்தான் படிக்கவில்லை.

விசில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் உதடு எண்ணிக்கொண்டே வந்து, தடுமாறி, மறுபடி பிடித்து, மறுபடி தடுமாறியது. கையை விட்டபோது அவர் முகத்தில் இருந்த நிறம் போயிருந்தது.

நான் அவர் மேல் பாய்ந்தேன். ஆறு மாதமாகக் கூடவே ஓட்டுகிறீர்களே, ஒரு நாளாவது இந்தக் கையைப் பிடித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"என் தப்பு இருக்கு. இல்லேங்கல. ஆனா ஈசிஜி எடுத்தாச்சா, ஆம். துடிப்புல ஒழுங்கில்லாம இருக்கா, இல்லை. அப்படின்னு படிவத்தை எனக்கு போட்டோ எடுத்து அனுப்பினது நீதானம்மா. அதை நம்பித்தான் இன்னைக்கு முப்பது குடுத்தேன்."

நான் நோட்டை மூடினேன்.

அம்மாவிடம் திரும்பி, ஈசிஜி எடுத்தீங்களா இல்லையா அக்கா என்று கேட்டார்.

"போனேன் டீச்சர். முப்பத்தெட்டாவது டோக்கன். ஷிப்ட்டுக்கு நேரமாச்சு. வந்துட்டேன்."

பாத்தாச்சாம்மா என்று அன்று நான் கேட்டது உண்மை. பாத்தாச்சு பாத்தாச்சு என்று அவள் சொன்னதும் உண்மை. காகிதம் எங்கே என்று நான் கேட்கவில்லை. நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் நிரப்பிய படிவத்தில் பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அண்ணன்மேல் இருந்த ஆத்திரத்தில், அவன் முகத்துக்கு நேராக நீட்ட வேண்டுமென்று, அந்தப் பன்னிரண்டு கேள்விக்கும் மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் டிக் அடித்தேன். அம்மாவின் இதயம் அதில் ஏழாவது, எட்டாவது கேள்வி.

பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. அண்ணனின் வேன். இறங்கி வந்தவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் தோளில் ஒரு துண்டைப் போட்டு, முன் இருக்கையில் ஏற்றினான். அவன் எப்படி அங்கே வந்தான் என்று கேட்கவும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

மருத்துவமனை என்றதும் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: தன் மருத்துவமனைக்கு மட்டும் வேண்டாம், சலவைக்கூடம் முழுக்க நாளைக்குள் பேசும். அதனால் அங்கிருந்து பத்து நிமிஷத் தூரத்தில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போனோம்.

கட்டிலில் படுத்ததும் அம்மா முதலில் விரிப்பைத்தான் தடவிப் பார்த்தாள். சரியாக அலசவில்லை, சோப்பு நிற்கிறது என்றாள். நர்ஸ் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஞாயிறு பணியில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். ஈசிஜி தாளை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் அங்கங்கே தொட்டுக்கொண்டே போனார். படியில் உட்கார்ந்ததை நான் சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நடுவுல கூடுதல் துடிப்பு வருது" என்றார் மருத்துவர். "நிறைய பேருக்கு வரும், ஒண்ணும் பண்ணாது. சிலருக்குப் பண்ணும். நீங்க எந்தப் பக்கம்னு இந்த ஒரு தாளை வச்சு நான் சொல்லமாட்டேன்."

ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவுசெய்கிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதை மார்பில் ஒட்டிய ஒயர்களோடு சேர்த்து இடுப்பில் மாட்டிவிட்டார்கள். நாளைக் காலை பதினோரு மணிக்குக் கழற்றிக் கொடுத்தால், மதியத்துக்குள் பார்த்துச் சொல்வதாக மருத்துவர் சொன்னார். அதுவரை குளிக்க வேண்டாம், பெட்டியில் தண்ணீர் படக் கூடாது. சும்மா படுத்துக் கிடந்தால் பதிவில் ஒன்றும் தெரியாது; தினமும் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள் என்றார். அதற்குள் அடுத்த நோயாளியை உள்ளே அழைத்துவிட்டார்கள்.

வெளியே பெஞ்சில் அம்மா நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் விசில், மறுபக்கம் அண்ணன். நான் எதிரே நின்றேன்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான். ஈர வட்டம் விழுந்த அதே படிவம். காலையில் மேசையில் அது இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. இரண்டாவது கோட்டில் அவன் கையெழுத்து இருந்தது.

நான் அவனைப் பார்த்தேன். பத்து நாளில் முதல் தடவை.

"காலையிலேர்ந்து பின்னாடியேதான் வந்தேன்" என்றான். "எங்கயாவது விழுந்துட்டா தூக்கணுமேன்னு. நீகூட என்னைத் தாண்டித்தான் போன. பாலத்துல ஏறும்போது ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடிச்சுச் சிரிச்சான். அம்மா திரும்பிக்கூடப் பாக்கல. அப்பதான் ஸ்டியரிங் மேல வச்சே போட்டேன்."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் காது இங்கேதான் இருந்தது.

எந்தக் கையெழுத்துக்காக அவனோடு சண்டை போட்டேனோ, அது என் கையில் இருந்தது. அதற்கு மேலே என் டிக்குகள், பன்னிரண்டு, வரிசையாக.

"ஈசிஜிதான் இப்ப எடுத்தாச்சே" என்றான் அண்ணன். "ஏழாவது சரியாப் போச்சு. எட்டாவது… நாளைக்கு மதியம் டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டா அதுவும் சரி. அஞ்சு மணி வரைக்கும் நேரமிருக்கு. உள்ள வை."

நியாயமாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் தினமும் என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் இப்படி நியாயமாகத்தான் பேசுவார்கள்.

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது: அடித்தல் திருத்தல் உள்ள விண்ணப்பங்கள் ஏற்கப்பட மாட்டா.

விசிலிடம் பேனா வாங்கினேன். தாளைச் சுவரில் வைத்து, எட்டாவது கேள்வியில் நான் போட்ட "இல்லை"யின் மேல் கோடு இழுத்தேன். கையில் இருந்த ஆத்திரம் பேனாவிலும் இருந்திருக்கிறது. முனை தாளைத் துளைத்துக்கொண்டு போய்ச் சுவரில் கீறியது.

அண்ணன் எழுந்துவிட்டான். உனக்குப் பைத்தியமா என்று கேட்டான். விசில் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா கையை நீட்டித் தாளை வாங்கினாள். விரிப்பைப் பார்க்கிற மாதிரியே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள்.

"கிழிஞ்சிடுச்சு" என்றாள். "இது எண்ணிக்கையில வராது."

நாலு மூலையும் சேர்த்து மடித்துத் தன் பக்கத்தில் பெஞ்சில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உதட்டை அசைத்தாள். இந்த முறை எதையும் ஒதுக்கவில்லை. ஒரு நிமிஷம் ஆனதும் நோட்டைக் கேட்டு வாங்கி எழுதினாள். எழுபத்து மூன்று. ஓரத்தில் புள்ளி எதுவும் இல்லை.

"திடல் ஆபீசு காலையில ஒம்பதுக்குத்தான திறப்பாங்க?" என்று விசிலைக் கேட்டாள். "புதுசா ஒரு ஃபாரம் வாங்கிடலாம். இவளை நிரப்ப விடாதீங்க, நானே நிரப்பறேன். எழுத்துக்கூட்டியாவது."

முடிவு வரட்டும் அக்கா என்றார் விசில்.

"வரட்டும். நான் வேணாம்னா சொன்னேன்?" அம்மா இடுப்பில் இருந்த பெட்டியைத் தொட்டாள். அதில் ஒரு பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. "தினமும் பண்றதைப் பண்ணுன்னுதான டாக்டர் சொன்னாங்க. நான் தினமும் காலையில அஞ்சு மணிக்கு ஓடறேன்."

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் என்னைப் பார்த்தான், நான் விசிலைப் பார்த்தேன். ஓடலாமா, கூடாதா? உள்ளே அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு கேள்வியை எங்களில் யாருமே கேட்கவில்லை.

கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. என்ன ஆகிவிடப்போகிறது என்று சொல்லவும் வந்தது. இரண்டுமே நானாக அடிக்கிற டிக்தான்.

மருத்துவரின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே வேறு யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் கையைக் காட்டி என்னைத் தடுத்தாள்.

நான் கதவைத் தட்டினேன்.